கேமராவைத் தூக்கினாலே பாட்டி விறைத்துப்போகிறார். வீட்டில் இயல்பாகப் படமெடுப்பது எப்படி?

விறைப்பு பெரும்பாலும் கைகளில்தான் தொடங்கும். சும்மா உட்காரச் சொன்னால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தோள் இறுகிவிடும். அவர் முருங்கைக்கீரை ஆயும்போதோ பூக் கட்டும்போதோ எடுங்கள். "சிரிங்க பாட்டி" மட்டும் வேண்டவே வேண்டாம். முதல் பத்து நிமிடப் படங்களைக் கணக்கில் எடுக்காதீர்கள், கேமரா சத்தம் பழகட்டும்.

ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்காரவையுங்கள். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், எரிந்தால் இரண்டு வெளிச்சமும் கலந்து ஒவ்வொரு கன்னமும் ஒவ்வொரு நிறமாகத் தெரியும், பிறகு திருத்துவது பெரும்பாடு. ஜன்னலே படத்துக்குள் வந்தால் முகம் இருண்டுபோகும்.

ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா, 50 மி.மீ. லென்ஸ், ஒரு மீட்டர் தூரம், லென்ஸ் துளை எஃப்/1.8 (எண் சிறிதானால் துளை பெரிது) என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 4 செ.மீ.தான். முகம் லேசாகத் திரும்பினாலே ஒரு கண் கூர்மை, மறு கண் மங்கல். எஃப்/4 வையுங்கள், ஷட்டர் வேகம் 1/160 நொடி. உள்ளே வரும் வெளிச்சம் குறையும். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 1600, 3200 என்று ஏறினாலும் பரவாயில்லை, புள்ளி விழுந்த படம் ஆடிப்போன படத்தைவிட எவ்வளவோ மேல். ஃபோகஸ் உங்களுக்கு அருகிலுள்ள கண்ணில் இருக்கட்டும்.

மொபைலா? சுருக்கங்களை அழிக்கும் பியூட்டி மோடை முதலில் அணையுங்கள். கிட்டே போனால் மூக்கு பெருத்துத் தெரியும். 2எக்ஸ் ஜூம் வைத்து ஒன்றரை மீட்டர் தள்ளி, அவர் கண் மட்டத்துக்குத் தரையில் உட்கார்ந்து எடுங்கள்.