சபை மைதானத்தில் வாலிபால் ஆடுவது ஊழியமா?

"வாலிபர் சங்கப் பணத்தில் விளையாட்டு நடத்துவது ஊழியமா, வீண்வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. உங்கள் சபை மூப்பர் யாரோ வலையை அவிழ்க்கச் சொல்லியிருப்பார். சரீர முயற்சி அற்பப் பிரயோஜனம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதையும் காட்டியிருப்பார். எனக்கும் காட்டினார்கள்.

நான் சென்னை நந்தனத்தில், கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்விக் கல்லூரியில் படித்த பி.டி. மாஸ்டர். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கியது அது. நாம் ஆடுகிற வாலிபாலே 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மோர்கன் உருவாக்கியது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். விளையாட்டு உலகப்பிரகாரமான காரியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம். சர்ச்சுக்குப் பின்னால் சபைக்குச் சொந்தமான காலி இடத்தில் சாயங்காலம் பையன்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்தேன். பாதிப் பேர் அம்மன் கொடைக்கு வரி கொடுக்கிற வீட்டுப் பிள்ளைகள். வாலிபர் கூட்டத்துக்கு வருகிறவன்தான் ஆடலாம் என்று சட்டம் போடச் சொன்னார் கமிட்டிக்காரர் ஒருவர். முடியாது என்றேன். பந்தைக் காட்டி ஆள் பிடிக்க நான் வரவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அந்தக் கோடை முழுக்க மைதானம் பூட்டிக் கிடந்தது. வற்றிய குளத்துக்குள் கம்பு நட்டு ஆடினோம். அந்தப் பையன்களின் அப்பாமார்தான் மண்வெட்டியோடு வந்து தரையைச் சமப்படுத்தினார்கள்.

அப்புறம் மாற்றலில் வந்த புது ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், ஒருநாள் குளத்துக்கு வந்து ஓரமாக நின்று பார்த்தார். ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசகியது. ஐயரே அவனைத் தன் பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த வாரமே மைதானத்தைத் திறக்க வைத்தார். அந்த வருஷம் சபையார் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற அசன விருந்துக்குக் காய் வெட்ட அவன் வீட்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள்.

யாரும் மதம் மாறவில்லை. "அப்போ சுவிசேஷம் எதற்கு?" என்று கீழே எழுத வருவார்கள். நானும் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறவன்தான், சுவிசேஷம் சொல்ல வெட்கப்படுகிறவன் இல்லை. அதைக் கேட்டால்தான் பந்து என்று நிபந்தனை போடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஞாயிறு ஆட்டம் என்றதும் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடிலைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதி ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மறுத்தார், 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். உண்மைதான். ஆனால் அதே லிடில், சீனாவில் மிஷனரியாக இருந்து ஜப்பானியரின் வெய்சியன் முகாமில் அடைபட்டிருந்தபோது, நடுவர் இல்லாமல் பிள்ளைகள் சண்டை போட்டதைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமையும் நடுவராக நின்றார். 1945இல் அந்த முகாமிலேயே இறந்தார். இதைப் பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை.

பள்ளிக்கூடத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? பி.டி. பீரியட் வந்தாலே கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். என்னை வாசலில் நின்று லேட்டாக வருகிறவர்களைப் பிடிக்கச் சொல்வார்கள். அதற்கா நந்தனம் வெயிலில் ஓடினேன்?

சரி, உங்கள் விஷயம். வசனச் சண்டைக்குப் போகாதீர்கள். ஆராதனை நேரத்தில் ஆட மாட்டோம், எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம் என்று எழுதிக் கொடுத்து, கமிட்டித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வையுங்கள். எங்கள் ஐயர் மாற்றலாகிப் போனதும் கேட்க நாதியில்லை. அந்த மைதானம் இன்றைக்குக் கல்யாண மண்டபத்துக்கு வருகிற கார்கள் நிற்கிற இடம்.