யாழ்ப்பாணக் கடலேரியிலும் தீவுகளுக்கு இடையிலும், கேரளத்து ஆலப்புழை மாதிரி, படகிலேயே தங்கி நாலைந்து நாள் சுற்ற முடியுமா?

முடியும். பெரியப்பாவின் படகில் மூன்று பேர் நாலு இரவு தங்கியிருக்கிறோம். ஆனால் கேள்வியில் ‘ஆலப்புழை மாதிரி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணத்தை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். அங்கே கெட்டுவள்ளம் என்கிற வீட்டுப்படகில் கட்டிலும் குளிரூட்டியும் சமையற்காரரும் இருப்பார்கள், காயலும் அடக்கமாகக் கிடக்கும். இங்கே அப்படி வாடகைக்கு எடுத்து ஏறிப் படுக்கிற படகு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. எங்கள் கடலேரி பாக்கு நீரிணைப் பக்கம் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. காற்று எங்கிருந்து அடிக்கிறது என்பதைப் பார்த்துத்தான் எங்கே படுப்பது என்று முடிவெடுக்க வேண்டும்.

நாங்கள் போனதற்குக் காரணம் இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சான். அவன் அங்கே வீடு வாங்கக் காசு காணாமல், கால்வாயில் ஓடுகிற ஒடுங்கின படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறான். படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். அங்குள்ள பழைய கால்வாய்களின் நீர்க்கதவுகள் 7 அடி அகலத்துக்குக் கட்டப்பட்டவை, அதற்குள் நுழைய வேண்டும் என்பதற்காக அந்த அளவு. மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓடக் கூடாது. நிரந்தரமாகக் கட்டிவைக்கச் சொந்தத் துறை இல்லாதவர்கள் பொதுவாக ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, அடுத்த ஊருக்கு நகர வேண்டும். தண்ணீர் நிரப்பக் குழாய், மலசலப் பெட்டியைக் கொட்டிக் கழுவ இடம், எல்லாம் கால்வாய்க் கரையோரமே இருக்குமாம். இந்தப் பழக்கத்தோடு மாசி மாதக் கடைசியில் லீவில் வந்திறங்கினவன், கைத்தொலைபேசியில் கூகுள் வரைபடத்தை விரித்து, “இவ்வளவு தண்ணி கிடக்கு, ஒருத்தரும் படகில இருக்கேல்லையோ?” என்றான்.

பெரியப்பா யாழ்ப்பாண நகரக் கரையோரக் குருநகரில் நாற்பது வருசமாக மீன்பிடித் தொழில் செய்கிறவர். வரைபடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “உதில எல்லாம் நீலமாக் கிடக்கு மருமோன். அதில முக்கால்வாசி முழங்கால் தண்ணி” என்றார்.

இதுதான் முழுக் கதையும். கடலேரி பெரிது, ஆனால் மெல்லியது. நல்ல ஆழமான ஓடையிலேயே மூன்று நாலு மீற்றர்தான் இருக்கும், பெரும்பகுதி ஆள் உயரம்கூட இல்லை. வத்துப் பெருக்கும், அதாவது கடல் இறங்கி ஏறுவதும், சிறியது, ஒரு மீற்றருக்குள் அடங்கிவிடும். சிறிய பெருக்கு என்றால் நல்லதுதானே என்று நினைப்பீர்கள். இல்லை. பெருக்கில் ஏறித் தரைதட்டினால், உங்களைத் தூக்கிவிட அடுத்த பெருக்கு அதிகமாக எதையும் கொண்டுவராது. தண்ணீரைக் கூட்டுவதும் குறைப்பதும் பாதி காற்றின் வேலை.

ஆகவே முதல் விதி படகைப் பற்றியது. பலநாள் படகு மாதிரி அறை வைத்த, அடி ஆழமான படகை இதற்குள் கொண்டுவராதீர்கள். நாங்கள் எடுத்தது பெரியப்பாவின் 23 அடி பைபர் போட், பின்னால் 25 குதிரைவலு எஞ்சின். ஆட்களும் சாமானும் ஏறியபிறகும் ஒன்றரை அடித் தண்ணீரில் மிதக்கும். எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கோல் ஊன்றித் தள்ளலாம். பிவிசி குழாயை வளைத்துக் கட்டி மேலே தறப்பாள் போட்டோம். முன்பக்க அணியத்துக்குள் சாமான், நடுவில் பலகை அடித்துப் படுக்கை, பின்னால் அடுப்பு. மச்சான் தன் பங்குக்கு ஒரு சின்னச் சூரியத் தகடும் பற்றரியும் வாங்கிவந்தான். இரவு நங்கூரம் போட்டால் ஒரு வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு அது நன்றாக உதவியது.

புறப்படுமுன் செய்ய வேண்டியது எழுத்துவேலை. மூன்று பேரின் பெயர், அடையாள அட்டை, மச்சானின் கடவுச்சீட்டுப் பிரதி, எந்த இரவு எங்கே தங்குவோம் என்ற விபரம், எல்லாவற்றையும் கடற்படை முகாமிலும் கடற்றொழில் அலுவலகத்திலும் கொடுத்தோம். மீன்பிடிக்கப் பதிந்த படகில் காசு வாங்கிச் சுற்றுலாக்காரரை ஏற்றுவது வேறு விசயம், அதற்கு வேறு அனுமதி. நீங்கள் வெளியூர் என்றால் உறவினரோ நண்பரோ இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

பாதையைச் சொல்கிறேன். குருநகரிலிருந்து மேற்கே நேராகப் போக முடியாது, யாழ்ப்பாணத்தை வேலணைத் தீவோடு இணைக்கிற கடற்சாலையான பண்ணைத் தாம்போதி குறுக்கே கிடக்கிறது. அதன் பாலங்களின் கீழே தறப்பாள் கூரையோடு நுழைய ஏலாது. மண்டைதீவைச் சுற்றி, வேலணையின் தெற்குக் கரையோரமாகச் சாட்டிக்குப் போனோம். முதல் இரவு அங்கே. வாடைக்காற்றின் கடைசி மிச்சம் வடகிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது, தீவே அதை மறைத்ததால் தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. இதே இடத்தில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற வைகாசி, ஆனி மாதங்களில் படுத்தால் விடியுமட்டும் நித்திரை வராது. இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட மாசிக் கடைசி, பங்குனி, சித்திரைதான் இந்த ஓட்டத்துக்கு ஏற்ற காலம். அதிலும் காலை பத்து மணிக்குள் ஓடி முடித்துவிட வேண்டும், பிறகு காற்று எழும்பும்.

இரண்டாம் நாள் புங்குடுதீவைத் தெற்கால் சுற்றிக் குறிகட்டுவான் துறை. அந்தச் சுற்றில்தான் திறந்த கடல் அலை படகை முதல் தடவை தூக்கிப் போட்டது. கால்வாயில் ஆறு வருசம் படகோட்டின மச்சான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. நெடுந்தீவுக்கு எங்கள் படகில் போக வேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அது வெளிக்கடல் ஓட்டம், ஒரு மணித்தியாலம் அலையோடு மாரடிக்க வேண்டும். படகைத் துறையில் கட்டிவிட்டு, சனத்தோடு சனமாகப் பயணிகள் படகில் போய் வந்தோம். குதிரைகளையும் பெருக்க மரத்தையும் முருகைக்கல் வேலிகளையும் அப்படிப் பார்ப்பதே மேல். 1985 மே 15 அன்று குமுதினி என்ற பயணிகள் படகில் வந்த சனம் வெட்டிக் கொல்லப்பட்டது இந்தப் பாதையில்தான். நடுக்கடலில் பெரியப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மச்சான் ஏனென்று கேட்கவில்லை.

அன்றிரவு நயினாதீவின் மறைவில் நங்கூரம். அம்மன் கோயில் மணி தண்ணீருக்கு மேலால் வரும்போது பக்கத்துப் படகில் அடிப்பது மாதிரிக் கேட்கும். ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் இந்தத் துறைப் பக்கம் தலை காட்டாதீர்கள். அதேபோல, கச்சதீவு அந்தோனியார் திருவிழா நாட்களிலும் குறிகட்டுவான் நெரிசலாகிவிடும். நெடுந்தீவுக்கு மேற்கே இரவில் நிற்கவே வேண்டாம். சனி, திங்கள், புதன் இரவுகளில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வருவது இங்கே எல்லாருக்கும் தெரியும். இழுவை மடிவலையை இழுத்துக்கொண்டு இருட்டில் வருகிறவனுக்கு உங்கள் பைபர் போட் கண்ணில் படாது.

மூன்றாம் இரவு அனலைதீவு, எழுவைதீவுப் பக்கத்தால் வந்து ஊர்காவற்துறை. கோட்டை கடலுக்குள் நிற்கிற அந்த வாசலில். ஹம்மன்ஹீல் என்ற அதன் பெயர் டச்சு மொழியில் ‘பன்றித் தொடையின் குதி’ என்று பொருள்படும், நிலத்தின் உருவம் அவர்களுக்குப் பன்றித் தொடை மாதிரித் தெரிந்ததாம். பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினோம். படகுச் சமையலுக்கு அதை விட்டால் வேறில்லை: ஒரு பானை, ஒரு அடுப்பு, கிடைத்த மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, எல்லாம் அதற்குள்.

நாலாம் நாள்தான் பிழைத்தது. ஊர்காவற்துறையிலிருந்து உள்ளுக்கால் நாவாந்துறைக்கு வருகிறோம். பெரியப்பா கண்ணயர்ந்துவிட்டார், எஞ்சின் என் கையில். இருபக்கமும் தண்ணீருக்குள் நட்டுக் கட்டுகிற சிறகுவலையின் தடிகள். அவற்றை விலத்தி விலத்தி ஓடையை விட்டு வெளியே வந்தது எனக்கே தெரியவில்லை. எஞ்சினின் பக்கத்தால் மெல்லிய நூலாகத் தண்ணீர் பீச்சிக்கொண்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். எஞ்சினைக் குளிரவைத்துவிட்டு வருகிற தண்ணீர் அது. அந்த நூல் நின்றுவிட்டது. நிறுத்தித் தூக்கிப் பார்த்தால், உறிஞ்சுகிற ஓட்டை முழுக்கச் சாதாளை என்கிற கடற்பூண்டு, பச்சைத் தலைமயிர் மாதிரிச் சுற்றிக் கிடக்கிறது. பல்துலக்கும் பிரஷ்ஷால் கிளறி எடுக்கப் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்துக்குள் காற்று எங்களைச் சேற்றுத்திட்டில் கொண்டுபோய் இருத்திவிட்டது.

இறங்கித் தள்ளினோம். இறங்குகிறபோது காலைத் தூக்கி வைக்காமல் அரைத்து அரைத்து நடவுங்கள், சேற்றில் திருக்கை படுத்திருக்கும். முழங்கால் வரை சேறு, அதற்கு மேலே ஒரு சாண் தண்ணீர். படகு அசையவில்லை. நண்டு வலைக்குப் போன ஒருவர் கோல் ஊன்றிக்கொண்டு வந்து, எங்கள் கூரையைச் சுற்றிப் பார்த்து, “என்ன தம்பியவை, வீடு கட்டிப்போட்டியளோ?” என்று கேட்டுவிட்டு, “விடியக் காத்து மாறும், அப்ப தள்ளுங்கோ” என்று போய்விட்டார். நுளம்பு பிய்த்தெடுத்தது. விடியற்காலை தறப்பாளை விலக்கினால், முப்பது யார் தூரம் தள்ளிப் பூநாரைக் கூட்டம் ஒன்று தலைகீழாகக் கழுத்தை விட்டு மேய்ந்துகொண்டிருக்கிறது. மச்சான் கிசுகிசுத்தான்: “உதுகள் நடந்து போற இடத்திலயடா நாங்கள் படகோட்டப் பாத்தனாங்கள்.” ஏழு மணிபோலக் காற்று திரும்பி, தண்ணீர் நாலு விரல் கூடியதும் தள்ளிவிட்டோம். இப்போது எனக்கு அதுதான் வரைபடம்: பறவை நிற்கிற இடத்தை விட்டு விலகி ஓடு.

குடிதண்ணீரை யாரும் சரியாகக் கணக்குப் பார்ப்பதில்லை. ஆளுக்கு நாளைக்கு நாலு லீற்றர், குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மூன்று பேருக்கு ஐந்து நாள் அறுபது லீற்றர், அதாவது மூன்று இருபது லீற்றர்க் கான். குளிப்பு கரைக் கிணறுகளில். தீவுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் என்பது மழைநீர், சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பது. ஆவணி புரட்டாதி ஆகும்போது பல கிணறுகள் உவர்த்துவிடும். ஆகவே கேட்டு அள்ளுங்கள், அளவாக அள்ளுங்கள், வீட்டுக்காரர் முன்னால் வாளி வாளியாகத் தலையில் ஊற்றாதீர்கள்.

மலசலகூடம் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டிருக்கிறீர்கள் போல. மூடியுள்ள வாளி, ஒவ்வொரு முறையும் ஒரு பேணி மரத்தூள். மச்சானின் யோசனை. மணக்கவில்லை, கரைக்கு வந்து குழிதோண்டிப் புதைத்தோம். கடலேரிக்குள் கொட்டாதீர்கள். நாங்கள் தின்கிற இறாலும் நண்டும் அந்தத் தண்ணீரில்தான் வளர்கிறது.

இன்னொன்று: ‘சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வாங்கி வெளிநாட்டிலிருந்தே ஓட்டிவரலாமா’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடி ஆழமான பாய்மரப் படகு இந்தக் கடலேரிக்குள் வராது, வந்தாலும் நான் சொன்ன சேற்றில் பூநாரைகளோடு நிற்கும். வெளிநாட்டுப் படகுகள் வழக்கமாக நுழைவு அனுமதி எடுப்பது திருகோணமலை, காலி போன்ற துறைமுகங்களில். எதிர்த்திசையில் போனவர்கள் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்க, எங்கள் ஊர் மாலுமிகளே அதை ஓட்டிப்போய் 1938-ல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அது ஆழக்கடல் கப்பல், ஆழக்கடல் ஆட்கள்.

செலவைக் கேட்டால், எரிபொருள்தான் பெரிது. மிச்சம் அரிசி, மா, ஐஸ், தறப்பாள். பெரியப்பாவின் படகு அடுத்த கிழமையே நண்டு வலைக்குத் திரும்பிவிட்டது. சூரியத் தகட்டை மச்சான் விட்டுவிட்டுப் போனான். பிவிசிக் கூரையை நான் கழற்றப் போனபோது மட்டும் பெரியப்பா, “உது கிடக்கட்டும், மத்தியான வெயிலுக்கு நல்லாயிருக்கு” என்றார். இன்னும் கிடக்கிறது.