மாப்பிள்ளை ஊர்வலத்தில் வந்த அந்தப் பழங்காலக் கார் எது?

கீழக்கரையில் மாப்பிள்ளை ஊர்வலத்தில் எடுத்த படத்தைப் போட்டு, நீண்ட பானெட்டும் துருத்திய வட்ட விளக்குகளும் கொண்ட அந்தக் கார் 1940களின் எம்ஜி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அது எம்ஜியின் சாயலில் பிற்காலத்தில் கட்டப்பட்ட வண்டி என்பதே என் முடிவு.

இத்தகைய கார்களை முகம் பார்த்து எடைபோடக் கூடாது. கிரில், விளக்கு, எண்கோண முத்திரை ஆகியவற்றைத்தான் கட்டுபவர் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார். வேறொரு வண்டியிலிருந்து அப்படியே கழற்றி மாட்டிய சக்கரம், கதவுக் கீல், ஸ்டீயரிங் அடியிலுள்ள சுவிட்சு ஆகியவை அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். 1945 முதல் வந்த எம்ஜி டிசி மாடலுக்கு 19 அங்குலக் கம்பிச் சக்கரம். அதற்குப் பின் 1953 வரை வந்த டிடிக்கு 15 அங்குலம். இரண்டிலும் கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். உங்கள் படத்திலோ கதவு இன்றைய கார்களைப் போல முன்பக்கக் கீலில் திறந்திருக்கிறது. சக்கரம் பக்கத்தில் நிற்பவரின் முழங்கால் உயரம்தான், நட்டும் நான்கே.

அடுத்தது துரு. அசல் எம்ஜியின் உடல் மரச்சட்டத்தின் மேல் அடித்த இரும்புத் தகடு. நம் கடற்கரை உப்புக் காற்றில் புதுக் காரின் கதவு அடியே சில ஆண்டுகளில் கொப்பளிக்கும்போது, எழுபது வயதுக் கார் ஒரு பொட்டுத் துருவும் இல்லாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும். தங்கச்சிமடத்தில் பைபர் படகு பழுதுபார்க்கும் எங்கள் பட்டறைக்கு, இப்படியொரு கல்யாணக் காரை மட்கார்டு வெடித்த நிலையில் கொண்டுவந்தார்கள். டிங்கரிங் கடையில் கைவிரித்துவிட்டார்களாம். அடியில் கையை விட்டதும் வள்ளத்தின் உட்புறம் போலவே மேட் நூல், அதாவது பைபரில் பதிக்கும் கண்ணாடி இழை, நெருடியது. மேலே கண்ணாடிபோல் ஜெல்கோட் என்ற மேல்பூச்சு, உள்ளே சொரசொரப்பு: இதை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காந்தம் வைத்துப் பார்த்து, அது ஒட்டவில்லை என்பதால் மட்டும் பைபர் என்று தீர்மானித்துவிடாதீர்கள். பழைய பாணியில் இங்கிலாந்தில் வந்த பாந்தர் லீமாவின் உடல் பைபர். அதன் தம்பியான 1982ஆம் ஆண்டுக் காலிஸ்டாவின் உடலோ அலுமினியம், அதிலும் காந்தம் ஒட்டாது. வெளிநாடுகளில் எம்ஜி டிடியின் நகல்கள் பல வோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தில் எழுந்தன. டிடியின் இரு அச்சுகளுக்கு இடையே 94 அங்குலம், பீட்டிலுக்கு 94.5, அரை அங்குலம்தான் வித்தியாசம். அவற்றில் எஞ்சின் பின்னால் இருக்கும், முன்னால் தெரியும் ரேடியேட்டர் வெறும் அலங்காரம்.

உங்கள் படத்திலுள்ள வண்டிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 12 அங்குலச் சக்கரமும் நான்கு நட்டும் மாருதி 800 அல்லது ஆம்னியை நினைவூட்டுகின்றன. ஓட்டுநரிடம் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்: எஞ்சின் அங்கே இருந்தால் 800ஆக இருக்கலாம், இடம் காலியாகக் கிடந்து முன் இருக்கைக்கு அடியில் எஞ்சின் இருந்தால் பெரும்பாலும் ஆம்னி.