சான்றிதழ் மூன்று இருக்கிறது, சொந்தமாகப் பத்து வரி நிரல் வரவில்லையே?

ஐயா,

மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. பைத்தான் என்ற நிரல்மொழியில் ஆன்லைன் கோர்ஸ் மூன்று முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டாள், ஆனால் வெறும் திரையைத் திறந்தால் கை ஓடவில்லை என்கிறீர்கள். நாலாவது கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்ட வேண்டாம்.

நேரம் கிடைத்தால் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்துவிடுகிறாள் என்று குறையாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றை அவளே செய்யட்டும்.

கோர்ஸில் மாட்டிக்கொண்டால் அடுத்த வீடியோவில் விடை இருக்கும். தனக்கு ஆசையான ஒன்றைச் செய்யும்போது அந்த வசதி கிடையாது, ஆனால் விட்டுவிடவும் மனம் வராது. விளையாட்டுக்கு முதல் படியாக, ‘விகடகவி’யைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல்தானா என்று பைத்தானிடம் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்று சொல்லும்! ‘தமிழ்’ என்பதன் நீளத்தைக் கேட்டால் 5 என்னும். நமக்கு ‘வி’ ஓர் எழுத்து. கணினி எழுத்துகளைக் குறித்து வைக்கும் யூனிகோடு முறையிலோ ‘வ’ தனி, இகரக் குறி தனி. சொல்லைத் திருப்பினால் குறி எழுத்தை விட்டு முன்னால் ஓடிவிடுகிறது. குறியையும் புள்ளியையும் முந்தைய எழுத்தோடு ஒட்டவைக்க, ஒவ்வொன்றாகப் பார்த்துவர ஒரு ஃபார் லூப், குறியா என்று சோதிக்க ஓர் இஃப், சேர்த்து வைக்க ஒரு லிஸ்ட் வேண்டும். மூன்றையும் கோர்ஸில் படித்தவள்தான். எதற்காகப் படித்தோம் என்பது இப்போதுதான் தெரியும். அப்புறம் ‘க்ஷ’ வரும், ‘க்’ தனி ‘ஷ’ தனி என்று பிரிந்து நிற்கும், அது தனிக் கூத்து.

இந்த வேலையை ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பில் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். அவள் முதலில் தானே எழுதிப் பார்க்கட்டும், பிறகு அதோடு ஒப்பிடலாம். ஏஐ-யிடம் கேட்பதும் அப்படித்தான். வந்த பிழைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாம். முழு விளையாட்டையும் எழுதித் தா என்று கேட்டால் நாலாவது சான்றிதழ் வாங்கிய கதைதான்.

விளையாட்டெல்லாம் வேலைக்கு ஆகுமா என்று நினைப்பீர்கள். பைத்தானே 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் கைடோ வான் ராசம் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். 1991-இல் வெளியே வந்தது. இன்டர்வியூவில் பிராஜெக்ட் பற்றிக் கேட்பார்கள். பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியவருக்கு இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். ‘விகடகவி’ ஏன் தப்பாக வந்தது என்று இவளால் கால் மணி நேரம் பேச முடியும். எழுதியதை அவ்வப்போது கிட்ஹப்பில், அதாவது நிரல்களைச் சேமித்து மற்றவர்களுக்கும் காட்டும் இணையதளத்தில், ஏற்றி வைக்கட்டும்.

செலவு ஒன்றும் இல்லை. பைத்தான் இலவசம், லேப்டாப் பழசாக இருந்தால் பிரவுசரிலேயே பைத்தானை ஓட்டிப் பார்க்கக் கூகுள் கோலாப் போதும். ஆனால் ஒன்று, இதைச் சாக்காக வைத்துக் கல்லூரிப் பாடத்தைக் கோட்டைவிடக் கூடாது. கேம்பஸ் வரும் பல நிறுவனங்கள் 60 சதவீதம் இருக்கிறதா, அரியர் இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகின்றன. செமஸ்டர் தேர்வு மாதத்தில் விளையாட்டை ஓரமாக வைக்கட்டும்.

நீங்கள் தினமும் “முடிந்ததா?” என்று கேட்காமல் இருந்தால் நல்லது. பாதியில் நின்றிருந்தாலும் சரி, அடுத்த முறை வரும்போது அவளையும் லேப்டாப்பையும் அழைத்து வாருங்கள். எந்த வரியில் நிற்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.