69-ஆம் எண் சட்டை

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பிலடெல்ஃபியா பக்கம் வேலை பார்க்கிறேன். ஞாயிறு ஆனால் ஆபீஸ் நண்பர்களோடு உட்கார்ந்து அமெரிக்க ஃபுட்பால் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் எப்போதும் இந்த ஊர் ஈகிள்ஸ் அணியின் 69-ஆம் எண் போட்ட பழைய சட்டையோடுதான் வருவார். யாருடையது என்று கேட்டேன். எவன் மாதிஸ் என்றார். தேடிப் பார்த்தால், மனிதர் 12 வருடத்தில் ஆறு அணிகளில் இருந்திருக்கிறார். ஓடியதாகவோ பந்தைப் பிடித்ததாகவோ கணக்கு எதுவும் இல்லை. இத்தனை நட்சத்திரங்கள் இருக்க, ஊர் ஊராகத் துரத்தப்பட்ட ஒருவரின் சட்டையை ஏன் போட வேண்டும்? தோற்றுப்போன வாழ்க்கைதானே இது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெயரை நீங்கள் எழுதியபடியே நானும் எழுதுகிறேன். தமிழில் படிக்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் எதிரணியைத் தடுக்க வரிசையாக நிற்கிற ஐந்து பேரைப் பார்த்து பாதிப் பேர் கேட்பதும் 'எவன் இவன்?' என்றுதானே.

நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். ஈகிள்ஸில் மாதிஸ் நின்றது இடது கார்டாக. முன்னால் எறியப்படும் பந்தைப் பிடிக்க சாதாரணமாக இவர்களுக்கு அனுமதியே கிடையாது. அப்புறம் கணக்கு எங்கிருந்து வரும்? நடுவர் மைக்கில் இவர்கள் எண்ணைச் சொன்னால் பெரும்பாலும் தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். "ஹோல்டிங், 69-ஆம் எண், பத்து யார்டு." எதிராளியைப் பிடித்து இழுத்ததற்கு அணி அத்தனை தூரம் பின்னால் போக வேண்டும். அரங்கமே திட்டும். ஆட்டம் முழுக்க எண் காதில் விழவில்லை என்றால் அன்றைக்கு வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது.

வேலை என்ன என்று கிட்டே போய்ப் பாருங்கள். வெளியூர் மைதானம், கூட்டம் போடுகிற சத்தத்தில் குவார்ட்டர்பேக் கத்துவது சென்டருக்கே கேட்காது. சென்டர் பந்தில் கைவைத்துக் குனிந்திருப்பார். பக்கத்திலிருக்கும் கார்டு கால்களுக்கு நடுவே பின்னால் எட்டிப் பார்ப்பார். குவார்ட்டர்பேக் சைகை காட்டியதும் சென்டரை லேசாகத் தட்டுவார். பந்து பின்னால் போகும். அந்தக் கணத்தில் அதே கார்டு நிமிர்ந்து, எதிரே பாய்ந்து வரும் 130, 140 கிலோ ஆளின் நெஞ்சில் இரண்டு உள்ளங்கையையும் பதிக்க வேண்டும். கை நெஞ்சுக்குள்ளேயே இருந்தால் சரி. தோளைத் தாண்டிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங். இரண்டரை, மூன்று விநாடி தாக்குப்பிடித்தால் போதும். அப்படி ஒரு ஆட்டத்தில் அறுபது எழுபது தடவை.

மாதிஸ் அலபாமா பல்கலைக்கழகத்து ஆள். 2005-இல், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கிற தேர்வில், கரோலைனா அவரை மூன்றாம் சுற்றில் எடுத்தது. அடுத்த வருடமே பெரும்பாலான ஆட்டங்களில் முதல் ஐவரில் நின்றார், பிறகு அந்த இடம் போனது. 2008-இல் மயாமி. அதே வருடம் அங்கிருந்து சின்சினாட்டி. அங்கே இன்னொருவரோடு இடத்தைப் பங்குபோட்டபடி, பாதி நேரம் பெஞ்சில், 2010 வரை ஓடியது. துரத்தப்பட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் பெரிய பயிற்சிக் கூட்டத்தை 53 பேராக வெட்டுகிற லீக் இது. அங்கே இப்படி அணி மாறுவதுதான் சாதாரணம். இவரைப் போன்றவர்களை ஜர்னிமேன் என்பார்கள். பழைய நாளில் தொழில் கற்று முடித்து, சொந்தப் பட்டறை போட முடியாமல், நாள்கூலிக்குப் போகிற தச்சர் போன்ற தொழிலாளிகளைக் குறித்த சொல் அது. அந்தச் சொல்லில் வேலை தெரியாதவர் என்ற பொருள் எங்கேயும் இல்லை.

2011-இல் பிலடெல்ஃபியா அவரை ஒரே ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. வயது 29. அந்த வருடம்தான் ஹவர்ட் மட் என்ற கிழவர் ஓய்விலிருந்து திரும்பி அங்கே அந்த ஐவர் வரிசைக்குப் பயிற்சியாளராக வந்திருந்தார். இண்டியானபோலிஸில் பல வருடம் பேட்டன் மேனிங் என்ற புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்ற வரிசையை உருவாக்கியவர். மலை மாதிரி ஆள் வேண்டும் என்று மற்றவர்கள் தேட, மட் கால் வேகமுள்ளவர்களைத் தேடுவார். பின்வாங்கித் தடுக்காதே, முதலில் நீ போய் மோது என்பது அவர் பாடம். மாதிஸின் உடம்பு அதற்கென்றே செய்தது போல இருந்தது. ஆறு வருடம் அந்த உடம்பு அதேதான், பார்க்கிற கண்தான் மாறியது என்பது என் எண்ணம்.

2013-இல் ஈகிள்ஸின் அந்த ஐந்து பேரும் 16 ஆட்டத்திலும் மாறாமல் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்து பந்தோடு ஓடிய லஷான் மெக்காய் 1,607 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். மாதிஸ் அந்த வருட ஆல்-ப்ரோ முதல் அணியில், அதாவது லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில், வந்தார். உங்கள் நண்பர் போட்டிருப்பது அந்த வருடச் சட்டையாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

அப்புறம், பின்னால் போட்ட நீண்ட ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போதே சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார். பேச்சு இழுத்துக்கொண்டே போய் 2015 ஜூனில் அணி அவரைக் கழற்றிவிட்டது. இதில் என் கோபம் வேறு. ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போதே அணி ஆளை வெட்டினால் அது வியாபாரம், ஆட்டக்காரர் திருத்தம் கேட்டால் பேராசை. ரசிகர்களும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆகஸ்டில் டென்வர் ஒரு வருடத்துக்கு எடுத்தது. 2016 பிப்ரவரியில் 50-ஆவது சூப்பர் பவுல், லீக்கின் இறுதி ஆட்டம். எதிரணி யார் தெரியுமா? அவரை முதலில் எடுத்த அதே கரோலைனா. டென்வர் 24-10. உண்மையைச் சொன்னால் ஜெயித்துக் கொடுத்தது தடுப்பாட்டக்காரர்கள்தான். மாதிஸ் இருந்த தாக்குதல் பக்கம் மொத்தம் எடுத்தது வெறும் 194 யார்டு. ஆனாலும் ஜெயித்தவர்களுக்குப் போடுகிற மோதிரம் மோதிரம்தான். அதற்குப் பிறகு அரிசோனாவில் சில ஆட்டங்கள், ஓய்வு.

தோல்வியா என்று கேட்டீர்கள். ஜோ தாமஸ் என்ற டேக்கிள் கிளீவ்லாந்தில் ஒரே அணியில் 11 வருடம் நின்று, இடைவெளியே விடாமல் 10,363 தடவை வரிசையில் குனிந்தார். மகத்தான ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் கிடைத்தது. ஆனால் கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு தகவல், உங்கள் நண்பரிடம் சொல்லி அசத்தலாம். மாதிஸ் பேஸ்பால் அட்டை சேகரிப்பவர். பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேன்டிலின் படம் போட்ட, டாப்ஸ் நிறுவனத்தின் 1952 அட்டை ஒன்றை 2018-இல் ஏலத்தில் 28.8 லட்சம் டாலருக்கு விற்றார்.

அடுத்த ஞாயிறு ஒரு கால்மணி ஆட்டம் மட்டும் இடது கார்டையே பாருங்கள், வேறு எங்கும் பார்க்காதீர்கள். பந்து எந்தப் பக்கம் போனது என்பதை உங்கள் நண்பர்கள் போடுகிற கூச்சலே சொல்லிவிடும்.