12 கிரெடிட் விசாவுக்கு, 15 கிரெடிட் பட்டத்துக்கு

அன்புள்ள ஐயா,

தங்கள் மகளுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பது குறித்து மகிழ்ச்சி. முதல் செமஸ்டருக்கான பாடங்களை அட்வைசருடன் கலந்து பேசித் தேர்ந்தெடுக்குமாறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தைக் கண்டு, "எந்தப் பாடம் படிக்க வேண்டும் என்பதைக்கூடவா பிள்ளையே முடிவு செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், அங்கே அப்படித்தான். நம் ஊர்க் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே கால அட்டவணை கையில் வந்துவிடும். வகுப்பு முழுவதும் ஒரே பாடங்களைப் படிக்கும். அங்கே பட்டத்துக்குரிய விதிகளை மட்டுமே பல்கலைக்கழகம் வகுத்துத் தருகிறது. எந்த செமஸ்டரில் எதைப் படிப்பது என்ற அட்டவணையை மாணவரே அமைத்துக்கொள்ள வேண்டும். அதைச் சரிபார்த்து வழிகாட்டுபவர்தான் அட்வைசர்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்கிறேன். கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்தின் அளவையும் குறிக்கும் எண். இதைக் கவனிக்காததால் ஓராண்டுக் கட்டணத்தைக் கூடுதலாகக் கட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் படிக்கும் இளநிலை மாணவர் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படித்தால் போதும், முழுநேர மாணவர் என்ற தகுதி நிலைக்கும். ஆனால் இளநிலைப் பட்டம் பெறப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். எஞ்சினியரிங் துறைகளில் பெரும்பாலும் அதற்கும் சற்று மேலேயே வேண்டியிருக்கும். 12 கிரெடிட் வீதம் எட்டு செமஸ்டர் படித்தால் 96தான் சேரும். மீதமுள்ள 24 கிரெடிட்டுக்கு இன்னும் இரண்டு செமஸ்டர், அதாவது ஐந்தாவது ஆண்டு ஒன்று தேவைப்படும். நான்கே ஆண்டில் முடிக்க வேண்டுமானால் செமஸ்டருக்குச் சராசரி 15 கிரெடிட்டாவது வந்தாக வேண்டும். "12 எடுத்தால் போதுமாம்" என்று முன்னால் சென்ற மாணவர்கள் சொல்வது விசாவைப் பொறுத்த வரையில் உண்மைதான். அதைப் பட்டத்துக்கான வேகம் என்று எண்ணிவிடக் கூடாது. பல பல்கலைக்கழகங்களில் 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம் என்ற முறையும் இருக்கிறது. தங்கள் மகளின் பல்கலைக்கழகத்திலும் அவ்வாறு இருந்தால், 12க்குக் கட்டும் அதே பணத்தில் 15 படிக்கலாம். இதைக் கட்டண அட்டவணையில் இன்றே பார்த்துவிடுங்கள்.

அதற்காக முதல் செமஸ்டரிலேயே 17, 18 என்று ஏற்றிக்கொள்ளுமாறு சொல்ல மாட்டேன். புதிய ஊர், புதிய உச்சரிப்பு, வாரந்தோறும் ஒப்படைக்க வேண்டிய வீட்டுப்பாடம் எல்லாம் பழகுவதற்கே இரண்டு மாதம் ஆகும். கால்குலஸ், ஆய்வகத்துடன் கூடிய வேதியியல், ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி, எஞ்சினியரிங் அறிமுகப் பாடம் என்று 14 கிரெடிட்டுக்கு அருகில் தொடங்கி, அடுத்த செமஸ்டரில் 16 எடுப்பது என் பார்வையில் நல்ல ஏற்பாடு.

கிரெடிட் எண்ணிக்கையைவிட முக்கியமானது பாடங்களின் வரிசை. பல பாடங்களுக்கு 'ப்ரீரெக்விசிட்' எனப்படும் முன்தேவைப் பாடம் ஒன்றோ இரண்டோ இருக்கும். அதில் தேறாமல் அடுத்ததில் பதிவு செய்யக் கணினியே அனுமதிக்காது. மெக்கானிக்கல் துறையில் இது ஒரு நீண்ட சங்கிலி. கால்குலஸும் இயற்பியலும் முடித்தால்தான் ஸ்டாட்டிக்ஸ் (நிலையியல்), அதை முடித்தால்தான் டைனமிக்ஸும் (இயக்கவியல்) பொருள் வலிமையியலும், அதன்பின் இயந்திர வடிவமைப்பு, கடைசி ஆண்டில் அந்த எல்லாவற்றையும் அடிப்படையாகக் கொண்ட திட்டப்பணி. மேல்நிலைப் பாடங்கள் சில ஆண்டுக்கு ஒரு முறை, இலையுதிர் பருவத்திலோ (ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும் செமஸ்டர்) வசந்த பருவத்திலோ (ஜனவரி வாக்கில் தொடங்குவது) மட்டுமே நடத்தப்படுவதும் உண்டு. ஆகவே இரண்டாம் ஆண்டில் ஸ்டாட்டிக்ஸ் ஒன்று தவறினால், அதைத் தொடர்ந்து வருவன எல்லாம் ஒரு செமஸ்டர் அல்ல, ஓராண்டே தள்ளிப்போகலாம்.

இந்த இடத்தில் நம் வழக்கத்திலிருந்து எழும் ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிட வேண்டும். நம்மிடையே ஒரு பாடத்தில் தேறாவிட்டால் 'அரியர்' வைத்து, வகுப்புக்குப் போகாமலேயே அடுத்த முறை தேர்வை மட்டும் எழுதிக்கொள்ளலாம். அங்கே அரியர் தேர்வு என்ற வழக்கம் இல்லை. தேறாத பாடத்தில் மறுபடி பதிவு செய்து, அதற்குரிய கிரெடிட்டைக் கணக்கில் சேர்த்து, முழு செமஸ்டரும் வகுப்பில் அமர்ந்து படிக்க வேண்டும்.

சங்கிலியின் முதல் கண்ணி கணிதம் என்பதால், கோடையில் பல பல்கலைக்கழகங்கள் நடத்தும் கணித நிலையறித் தேர்வை மகள் அலட்சியமாக எழுதிவிடக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பில் தொகைநுண்கணிதம் வரை படித்த பிள்ளைகள்கூட, 'இது சேர்க்கைக்கான தேர்வு இல்லையே' என்று தயாரிப்பின்றி எழுதி, கால்குலஸுக்கு முந்தைய நிலையில் வைக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அங்கேயே ஒரு செமஸ்டர் பின்தங்கிவிடுகிறது. தேர்வுக்கு முன்னால் முக்கோணவியலையும் மடக்கைகளையும் பத்து நாளாவது புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அட்வைசரைச் சந்திப்பது பற்றி. பெரிய பல்கலைக்கழகங்களில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இதற்கென்றே நியமிக்கப்பட்ட அலுவலர் ஒருவரும், பிறகு துறைப் பேராசிரியர் ஒருவரும் அட்வைசராக இருப்பது வழக்கம். ஒருவரே நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பார்த்துக்கொள்வதால், சந்திப்பு பெரும்பாலும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். "என்ன எடுக்கட்டும்?" என்று வெறுங்கையுடன் போய் நின்றால், அந்த நேரம் பொதுவான வழிகாட்டுதலிலேயே கரைந்துவிடும். மகள் எட்டு செமஸ்டருக்குமான ஒரு வரைவை ஒரே தாளில் தானே எழுதி எடுத்துச் செல்லட்டும். துறையின் இணையப் பக்கத்தில் மாதிரி அட்டவணை இருக்கும். எந்த விதி நிறைவேறியிருக்கிறது, எது பாக்கி என்று காட்டும் 'டிகிரி ஆடிட்' அறிக்கை மாணவர் கணக்கிலேயே கிடைக்கும். இரண்டையும் வைத்து வரைந்துவிட்டு, "இந்த வரிசையில் எங்கே சிக்கல் வரும்? இவற்றில் எவை ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடப்பவை?" என்று கேட்டால், அனுபவமுள்ள அட்வைசர் பத்தே நிமிடத்தில் பிழையைச் சுட்டிக்காட்டிவிடுவார்.

நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆசிரியர் ஏதேனும் சொன்னால் புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து நண்பர்களைக் கேட்பார்கள். அங்கே எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை என்பதை மகளிடம் தாங்களே சொல்லி அனுப்புங்கள். தந்தை சொன்னால் அந்தத் தயக்கம் விரைவில் விலகும். சந்திப்பு முடிந்த அன்றே, பேசி முடிவானவற்றைச் சுருக்கி அட்வைசருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவதும் அவசியம். அட்வைசர்கள் மாறுவார்கள், எழுத்தில் இருப்பது மட்டுமே நிற்கும். வசந்த பருவத்துக்கான பதிவு அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கிவிடும் என்பதையும், அட்வைசரைப் பார்க்காதவர்களின் பதிவைப் பல துறைகள் நிறுத்தி வைக்கும் என்பதையும் மகள் நினைவில் வைத்திருக்கட்டும்.

அட்வைசருக்குத் தெரியாத, தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லாத ஒன்று இருக்கிறது: விசா விதிகள். அதற்குரியவர் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டி.எஸ்.ஓ. என்னும் அலுவலர். என்னிடம் ஆலோசனை பெற்றுச் சென்ற ஒரு மாணவர் 13 கிரெடிட் எடுத்திருந்தார். நான்கு கிரெடிட் பாடம் ஒன்றில் மதிப்பெண் மிகக் குறைந்ததால், ஜிபிஏ எனப்படும் சராசரி மதிப்பெண் கெடாமலிருக்க அதிலிருந்து விலகிவிடலாமா என்று அட்வைசரிடம் கேட்டார். படிப்பைப் பொறுத்த வரையில் சரியான யோசனை என்பதால் அவரும் ஒப்புக்கொண்டார். டி.எஸ்.ஓ.வின் முன் அனுமதி இல்லாமல் 9 கிரெடிட்டுக்கு இறங்கியதால் அந்த மாணவர் விசா நிலையையே இழந்து, அதை மீட்க விண்ணப்பித்துவிட்டுப் பல மாதம் உறக்கமின்றிக் காத்திருந்தார். முன்னதாக இந்த ஒரு வரியை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. தொடக்க நாட்களின் கல்விச் சிரமம், மருத்துவக் காரணம், கடைசி செமஸ்டர் போன்ற சில நிலைகளில் 12க்குக் கீழே செல்ல வழி இருக்கிறது. ஆனால் அனுமதி முதலில், விலகல் பிறகு. ஆன்லைன் பாடங்களிலும் கவனம் வேண்டும்: அந்த 12 கிரெடிட் கணக்கில் செமஸ்டருக்கு ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட் மட்டுமே சேரும். இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதால், ஒவ்வொரு முறையும் டி.எஸ்.ஓ.வின் சொல்லையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

பயிற்சிப் பணிக்கும் இதே அலுவலகம்தான். படிக்கும்போதே துறை சார்ந்து வேலை செய்ய உதவும் சிபிடி அனுமதி பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகே கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் முழுவதும் நிறுவனத்தில் பணியாற்ற மகள் விரும்பினால், முன்தேவைச் சங்கிலி அதற்கேற்ப வளைய வேண்டும். ஆகவே அதை முதலாண்டு வரைவிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

அட்வைசரிடம் தாங்களே தொலைபேசியில் பேசலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் கல்விப் பதிவேடுகள் மீதான உரிமை மாணவருக்கே உரியது. அவர் எழுத்தில் இசைவு தராதவரை, கட்டணம் கட்டுபவர் என்பதற்காக வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரிடம் மதிப்பெண்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தார் பேசமாட்டார்கள். இதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இசைவுப் படிவத்தில் மகள் கையெழுத்திட விரும்பினால் இடட்டும். வற்புறுத்த வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அதற்கு மாறாக, செமஸ்டர் முடியும் ஒவ்வொரு முறையும் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் அந்த எட்டு செமஸ்டர் தாளைக் காட்டச் சொல்லுங்கள். எது மாறியது, ஏன் மாறியது என்று அவர் தெளிவாக விளக்கினால், படிப்பு அவர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தாங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

முதல் வரைவை நிலையறித் தேர்வின் முடிவு வந்தவுடன் எழுதத் தொடங்கட்டும். அதன் ஒரு பிரதியை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அட்வைசரைச் சந்திக்கும் நாளுக்கு முன்பாகவே முன்தேவைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கேட்க வேண்டிய கேள்விகளை ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.