பழைய கண்காட்சிப் படங்களில் இயந்திரங்களை மிகைப்படுத்தி வரைந்தார்களா?

19ஆம் நூற்றாண்டு உலகக் கண்காட்சிகளின் அச்சுப்படங்களில் இயந்திரங்கள் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கின்றனவே, அவை ஓவியரின் மிகைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். 1876இல் பிலடெல்பியா உலகக் கண்காட்சிக் கூடத்தில் வைக்கப்பட்டிருந்த கார்லிஸ் நீராவி எஞ்சினின் படத்தைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். நான் கலை வரலாறு படித்தவனல்லன். நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அறிஞர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

அந்த மரச்செதுக்குப் படத்தின் பிரதி ஒன்றைப் பணிமனையில் மாட்டி வைத்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், புகையும் இல்லை, கரியும் இல்லை, இது வெறும் கற்பனை என்று எல்லோர் முன்னிலையிலும் சிரித்தது எனக்குச் சுருக்கென்றது. எஞ்சினின் ஓட்டத்தைச் சீராக வைக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் கீழ்ப்பகுதி மேடைக்குள் மறைந்திருப்பதால், அதன் அச்சிலிருந்து மேல்விளிம்பு வரை மட்டும் அளவுகோல் வைத்து, அருகில் நிற்கும் ஆளின் உயரத்தோடு ஒப்பிட்டுக் காட்டினேன். ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு வந்தது. 30 அடி விட்டமும் 56 டன் எடையும் கொண்ட சக்கரத்துக்கு அது சரியான கணக்கே. பாய்லர்கள் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தன. கூடத்துக்குள் குழாய் வழியே நீராவி மட்டும் வந்ததால் புகைக்கு அங்கே வேலையில்லை. 1,400 குதிரைத்திறன் தரைக்கடியில் ஓடிய ஷாஃப்டுகள் என்னும் சுழல்தண்டுகள் வழியாகக் கூடமெங்கும் இருந்த இயந்திரங்களுக்குச் சென்றது. கூட்டத்தை வேண்டுமானால் ஓவியர் தம் விருப்பப்படி நிறுத்தியிருக்கலாம். இயந்திரத்தில் கை வைக்கவில்லை.

இத்தகைய படங்களை பாக்ஸ்வுட் மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சிட்டார்கள். அந்த மரம் பருமனாக வளராது. ஆகவே பெரிய படங்களுக்குச் சிறு கட்டைகளைத் திருகி இணைத்து, பல செதுக்குநர்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொள்வார்கள். என் பிரதியில் அந்த இணைப்பு, சக்கரத்தின் ஆரங்களைக் குறுக்கே வெட்டும் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. ஒரு பக்கத்து நிழற்கீற்றுகள் மறுபக்கத்தவற்றைவிடச் சற்று நெருக்கமானவை.

பொய் சொல்பவர்கள் இன்றைய வியாபாரிகள். பழைய வார இதழ்த் தொகுப்புகளைக் கிழித்து, கறுப்பு மையில் மட்டுமே அச்சான பக்கங்களுக்குச் சாயம் பூசி, அக்காலத்து வண்ணப்படம் என்று விற்கிறார்கள். 1851 லண்டன் கண்காட்சிக்கு டிக்கின்சன் சகோதரர்கள் வெளியிட்ட கல்லச்சுப் படங்கள் அப்போதே வண்ணத்தில் வந்தவை என்று சிலர் மறுக்கக்கூடும். அவை வேறு வகை, வேறு விலை. என்னிடம் விற்க வந்த ஒருவரின் படத்தில், பளபளக்க வேண்டிய எஃகுப் பிஸ்டன் தண்டுக்கே செங்காவி அடித்திருந்தார்கள்.